இருபத்திரண்டரை கிலோ

கிளென்மார்கனில் செல்போன் சிக்னல் மயில் மாதிரி. எப்போதாவது வரும். வந்தால் எல்லோரும் வாசலுக்கு ஓடி வருவார்கள்.

ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் போய்ப் பிரிந்தால் சுமார் இருபது கிலோமீட்டர். ஒரு பக்கம் தேயிலை, இன்னொரு பக்கம் சட்டென்று பூமி முடிந்துவிடுகிற மாதிரி ஒரு விளிம்பு. கீழே மோயாறு பள்ளத்தாக்கும் முதுமலைக் காடும். அந்த விளிம்பிலிருந்து மின்வாரியத்தின் விஞ்ச் தண்டவாளம் கீழே சிங்காராவை நோக்கி இறங்குகிறது. பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். என்னை ஏற்றச் சொல்லிக் கேட்டேன், சிரித்தார்கள்.

மூன்று நாள் ஓய்வு என்றுதான் போனேன். கூடவே அக்கா பையனும் வந்தான். கோவையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. மொத்தமே பதினோரு பேர். வந்ததிலிருந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடித் தேயிலைச் செடிகளுக்கு நடுவே அலைந்துகொண்டிருந்தான்.

"என்னடா மாப்பிள்ளை, லீவுதானே போட்டிருக்கே?"

"லீவுதான் மாமா. ஆனா ஆப்பை மொத்தமா புது லாங்வேஜுக்கு மாத்திட்டோம். போன வாரம்தான் விட்டோம். ஒரே கம்ப்ளைண்ட்."

அந்த ஆப் என்ன என்று கேட்டபோதுதான் தெரிந்தது, நான் நின்றுகொண்டிருந்த மலையே அதன் வாடிக்கையாளர் என்று. சிறு விவசாயிகள் பறித்துக் கொண்டுவரும் பச்சைத் தேயிலையை ஏஜென்ட் எடை போடுகிறார் அல்லவா, அந்த எடையைப் பதிந்துகொண்டு சின்ன பிரிண்டரில் சீட்டு அடித்துத் தருகிற ஆப். சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும், கிடைக்கும்போது கணக்கை ஃபேக்டரிக்கு அனுப்பிவிடும். பத்து வருடத்துக்கு முன்னால் ஒருவர் தனி ஆளாக ஜாவாவில் எழுதியது. அழகில்லை, ஆனால் ஓடியது. மழையில் ஓடியது, கீறல் விழுந்த போனில் ஓடியது.

"அப்புறம் ஏண்டா மாத்தினீங்க?"

அவன் சொன்ன காரணங்களை அப்படியே தருகிறேன். ஒன்று, கூகுளே ஆண்ட்ராய்டுக்குக் காட்லின்தான் முதல் மொழி என்று 2019லேயே சொல்லிவிட்டது. இரண்டு, புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் ஜாவா என்றால் முகம் சுளிக்கிறார்கள். மூன்று, பழைய கோடைத் தொடவே எல்லோருக்கும் பயம். நான்கு, முதலாளி பெங்களூரில் ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்தார்.

நான்காவதுதான் உண்மையான காரணம் என்று எனக்குப் பட்டது. பி.காம். படித்தவனின் புத்தி அப்படி.

கொஞ்சம் நியாயமாகவும் பேசிவிடுகிறேன். காட்லின் நல்ல மொழி என்றுதான் அதில் எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். ஜெட்பிரெய்ன்ஸ் என்கிற கம்பெனி 2011ல் அறிமுகப்படுத்தி, 2016ல் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டது. 2017ல் கூகுள் அதற்கு அதிகாரபூர்வ ஆதரவு கொடுத்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கத்தில் இருக்கும் ஒரு தீவின் பெயர் அது. ஜாவாவும் தீவுதான் என்பதால் இதற்கும் தீவுப் பெயர். (ஜாவாவின் சின்னம் காபிக் கோப்பை. தேயிலைக் காட்டில் காபியை ஒழித்துவிட்டார்கள் என்று நான் ஜோக்கடித்தேன். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. கம்ப்ளைண்ட் வந்துகொண்டிருந்தது.) பத்து வரியில் சொல்வதை மூன்று வரியில் சொல்லலாம், ஜாவாவில் அடிக்கடி வரும் சில தவறுகளை முன்கூட்டியே பிடித்துவிடும். எல்லாம் சரி. ஆனால் மொழி நல்லதா என்பது ஒரு கேள்வி. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை அந்த மொழிக்கு மாற்றுவது நல்லதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் இந்தத் தொழிலில் கோடிகள் கரைகின்றன.

இதில் எனக்கு சொந்தக் காயம் ஒன்று உண்டு. 2000ல் பி.காம். மூன்றாம் வருடம். ராத்திரி ஏழு மணிக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் விஷுவல் பேசிக் 6 படித்தேன். அந்த ஃபீஸுக்காக அம்மாவின் ஒரு ஜோடி வளையல் அடகுக் கடைக்குப் போனது. ஆறு மாதத்தில் தேறி, எங்கள் ஊர்ப் பாத்திரக் கடை ஒன்றுக்கு பில் போடுகிற புரோகிராம்கூட எழுதிக் கொடுத்தேன். இனி இதுதான் பிழைப்பு என்று நினைத்தேன். 2002 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் விஷுவல் பேசிக் டாட்நெட்டை வெளியிட்டது. பெயரில் விஷுவல் பேசிக் இருந்தது. உள்ளே இருந்தது வேறு ஆள்.

எப்படி வேறு? பழைய மொழியில் 'இன்டிஜர்' என்று ஒரு டப்பா. அதில் 32,767 வரைக்கும்தான் எண் போடலாம். புதியதிலும் 'இன்டிஜர்' உண்டு. அதில் 200 கோடிக்கு மேல் போகும். இதாவது பெரிதானது, போகட்டும். இன்னொன்றைக் கேளுங்கள். ஒரு வேலையை இன்னொரு பகுதியிடம் ஒப்படைக்கும்போது, நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால், பழைய மொழி ஒரிஜினல் ஃபைலையே தூக்கிக் கொடுத்துவிடும். அவன் அதில் திருத்தினால் உங்கள் கணக்கும் மாறும். புதிய மொழி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும். அவன் என்ன கிறுக்கினாலும் உங்கள் ஒரிஜினல் அப்படியே இருக்கும். எது சரி என்று கேட்டால் ஜெராக்ஸ்தான் சரி. ஆனால் ஒரிஜினல் போகும் என்று நம்பி எழுதிய லட்சக்கணக்கான வரிகள் உலகம் பூராவும் இருந்தனவே, அவற்றை என்ன செய்ய?

கூடலூர் தாண்டினால் கேரளா. அங்கே ஒருவர் "சம்சாரிக்கணும்" என்றால் பேச வேண்டும் என்று அர்த்தம். நம் ஊரில் சம்சாரம் என்றால் வீட்டுக்காரம்மா. சுத்தமாகத் தெரியாத மொழி நம்மை ஏமாற்றாது, ஜாக்கிரதையாக இருப்போம். தெரிந்த மாதிரி இருக்கிற மொழிதான் மாட்டிவிடும்.

2005 மார்ச்சில் பழைய விஷுவல் பேசிக்கின் வழக்கமான ஆதரவு முடிந்தது. மைக்ரோசாஃப்ட்டே விருது கொடுத்துப் பாராட்டிய வல்லுநர்கள் நூறு பேருக்கு மேல் சேர்ந்து, தயவுசெய்து இதைக் கைவிடாதீர்கள் என்று மனுப் போட்டார்கள். நடக்கவில்லை. 2008ல் கடைசி ஆதரவும் நின்றது. நான் அதற்கு முன்பே பத்திரிகைக்கு வந்துவிட்டேன், இது உங்கள் துரதிர்ஷ்டம். வேடிக்கை என்ன தெரியுமா? அந்த மொழியில் எழுதிய புரோகிராம்கள் ஓடுவதற்குத் தேவையானதை மைக்ரோசாஃப்ட் இன்றைக்கும் விண்டோஸில் வைத்துத்தான் அனுப்புகிறது. எங்கள் ஊர்ப் பாத்திரக் கடையில் நான் எழுதிய புரோகிராம் இன்னமும் பில் போடுகிறது. டாட்நெட்டுக்கு மாற்றச் சொல்லி நாலைந்து பேர் வந்து பார்த்தார்களாம். அண்ணாச்சி, "ஓடுது இல்ல? விடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சரி, கிளென்மார்கனுக்கு வருவோம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையோடு சோலூர் பக்கம் இலை எடை போடும் இடத்துக்குப் போனேன். தகரக் கொட்டகை. தொங்கும் தராசு. சாக்குகளோடு ஏழெட்டுப் பேர், பெரும்பாலும் பெண்கள். ஏஜென்ட் கையில் போன். இவன் கம்பெனிக்காரன் என்று தெரிந்ததும் சூழ்ந்துகொண்டார்கள். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு படகர் அம்மா, வெள்ளை முண்டும் தலையில் வெள்ளைத் துணியுமாக, ஒரு சீட்டை நீட்டினார்.

"போன வாரம் வரைக்கும் இருபத்து மூணு போட்டுது தம்பி. இப்ப இருபத்திரண்டு போடுது. தராசு அதே தராசுதானே?"

ஏஜென்ட் விளக்கினார். மூட்டை இருபத்து நாலு கிலோ. சாக்குக்கும் ஈரத்துக்கும் ஒன்றரை கழித்தால் இருபத்திரண்டரை. சீட்டு முழுக் கிலோவில்தான் வரும். அரைக் கிலோ வந்தால் மேலே ஏற்றிப் போடுவது இங்கே வழக்கம். பழைய ஆப் இருபத்து மூன்று என்று அடித்தது. புதியது இருபத்திரண்டு.

"அதெப்படிம்மா, நான் டெஸ்ட் பண்ணினேனே" என்றான் மாப்பிள்ளை. அங்கேயே போனை வாங்கி 25.5 என்று அடித்தான். 26 வந்தது. "பாருங்க, சரியாத்தானே வருது?" என்று நிமிர்ந்தான்.

"இருபத்து நாலரை போடுங்க" என்றார் அந்த அம்மா.

போட்டான். 24 வந்தது.

அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தேன். பாவமாக இருந்தது.

விஷயம் இதுதான். ஜாவாவில் ஒரு எண்ணை முழு எண்ணாக்கும் வழக்கமான கட்டளை, சரிபாதி வந்தால் மேலே ஏற்றும். இருபத்திரண்டரை இருபத்து மூன்றாகும். காட்லினின் கணித நூலகத்திலும் அதே 'ரவுண்ட்' என்கிற பெயரில் ஒரு கட்டளை உண்டு. ஆனால் அது சரிபாதி வந்தால் பக்கத்திலிருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். இருபத்திரண்டரை இருபத்திரண்டாகும். இருபத்து மூன்றரை இருபத்து நாலாகும். ஜாவா மாதிரியே மேலே ஏற்றும் கட்டளையும் காட்லினில் இருக்கிறது, ஆனால் அதற்குப் பெயர் வேறு. எல்லாம் கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறது. மொழியின் மேல் தப்பில்லை. இந்த இரட்டைப்படை முறைக்கு வங்கிக்காரர் முறை என்றே ஒரு பெயர் உண்டு. எப்போதும் மேலேயே ஏற்றினால் ஆயிரக்கணக்கான கணக்குகளில் கூட்டுத்தொகை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், அதைத் தடுக்க வந்த ஏற்பாடு. வங்கிக்கு நியாயம். ஒவ்வொரு நாளும் ஒரு மூட்டை கொண்டுவருகிற அம்மாவுக்கு அது என்ன நியாயம்?

கிலோ இருபது ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எடை எப்போதெல்லாம் இரட்டைப்படை எண்ணும் அரையுமாக வருகிறதோ அப்போதெல்லாம் அவருக்கு இருபது ரூபாய் போகிறது. ஒற்றைப்படையும் அரையுமாக வந்தால் போகாது. அதனால் யாருக்கும் உடனே பிடிபடவில்லை. ஆப் எழுதியவர்களுக்குப் பிடிபடவில்லை, சோதித்தவர்களுக்குப் பிடிபடவில்லை, ஃபேக்டரிக்குப் பிடிபடவில்லை. (ஃபேக்டரிக்கு ஏன் பிடிபடப்போகிறது?) அந்த அம்மாவுக்குப் பிடிபட்டது. அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டு. தினமும் தராசைப் பார்த்து அவரே எழுதிவைத்திருந்தார்.

பழைய ஜாவா ஆப்பை எழுதியவர் கம்பெனியை விட்டுப் போய்விட்டார் என்றான் மாப்பிள்ளை. நாற்பத்தாறு வயது. புது மொழிக்கு மாறுவது என்று முடிவானதும், அவருக்கு மேலே இருபத்தாறு வயதுப் பையனை டீம் லீடராகப் போட்டார்கள். அவருக்கு அந்த மொழி இரண்டு வருடமாகத் தெரியும் என்பது தகுதி. ஏஜென்ட்டுகளிடம் உட்கார்ந்து டீ குடித்து, அரைக் கிலோவை மேலே ஏற்றுவார்கள் என்று தெரிந்துகொண்டு எழுதிய மனிதர், ஒரே நாளில் ஜூனியர் ஆகிவிட்டார். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார். போய்விட்டார்.

கம்பெனியின் பாலன்ஸ் ஷீட்டில் அந்த ஆள் தெரிய மாட்டார். இதைத்தான் என் பி.காம். மூளை ஜீரணிக்க மறுக்கிறது. நாற்காலிக்குக்கூட தேய்மானம் போடுகிறோம். ஏ.சி.க்குப் போடுகிறோம். பத்து வருடமாக ஒரு புரோகிராமுக்குள் சேர்ந்த விஷயஞானத்துக்கு ஒரு வரி கிடையாது. பழைய கோடில் அசிங்கமாக, காரணமே தெரியாமல் நிற்கிற ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் ஒரு நாள் பட்ட அடியின் தழும்பு. புதிதாக எழுதுகிறவன் அதைப் பார்த்து 'குப்பை' என்கிறான். குப்பையோடு சேர்த்துக் குழந்தைக்குப் போட்ட தடுப்பூசிச் சீட்டும் போய்விடுகிறது.

சின்னக் கம்பெனி, அனுபவமில்லாத பசங்க, அதனால் அப்படி என்று நினைக்காதீர்கள். பெரிய இடத்துச் சங்கதிகள் இன்னும் மோசம்.

நெட்ஸ்கேப் ஞாபகம் இருக்கிறதா? தொண்ணூறுகளில் இன்டர்நெட் என்றால் நெட்ஸ்கேப். 1998ல் அவர்கள் பழைய பிரவுசரின் அஸ்திவாரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். ஐந்தாம் பதிப்பு வரவே இல்லை. ஆறாம் பதிப்பு 2000 நவம்பரில் வந்தது. அதற்குள் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்ப்ளோரர் கடையை எடுத்துக்கொண்டு போயிருந்தது. அதே வருடம் ஏப்ரலில் ஜோயல் ஸ்போல்ஸ்கி என்பவர் இதை வைத்து ஒரு கட்டுரை எழுதினார், எதைச் செய்தாலும் இதை மட்டும் செய்யாதே என்கிற தொனியில். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் அதைப் படித்திருக்கிறார்கள். படித்துவிட்டு அதையேதான் செய்கிறார்கள்.

ஃபேஸ்புக் தன் செல்போன் ஆப்பை ஹெச்டிஎம்எல்லை நம்பி எழுதிப் பார்த்தது. ஒரே கோடு, எல்லா போனிலும் ஓடும் என்று ஆசை. ஆமை வேகம். 2012 ஆகஸ்டில் ஐபோனுக்கென்றே எழுதிய ஆப்புக்குத் திரும்பினார்கள். அடுத்த மாதமே ஸக்கர்பர்க் மேடையில், கம்பெனியாக நாங்கள் செய்த மிகப் பெரிய தவறு இதுதான் என்று ஒப்புக்கொண்டார். ஏர்பிஎன்பி 2016ல் ரியாக்ட் நேட்டிவுக்குப் போனது. ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் தனித்தனியே எழுதுவதை ஒன்றாக்கலாம் என்று கணக்கு. 2018ல் கைவிடுகிறோம் என்று அறிவித்தார்கள். பழைய இரண்டையும் விட முடியவில்லை, புதியதும் சேர்ந்துகொண்டது. இரண்டு சம்பளப் பட்டியலை ஒன்றாக்கப் போய் மூன்றாக்கிக்கொண்ட கதை.

உபர் கதைதான் எனக்குப் பிடித்தது. ஒரு த்ரில்லர் மாதிரி.

2014 ஜூனில் ஆப்பிள் ஸ்விஃப்ட் என்கிற புது மொழியை மேடையேற்றியது. அதுவரை ஐபோனுக்கு ஆப்ஜெக்டிவ் சி. எண்பதுகளில் பிறந்த மொழி, சதுர அடைப்புக்குறிகள் நிறைந்து தேன்கூடு மாதிரி இருக்கும். எல்லோரும் ஸ்விஃப்டுக்குப் பாய்ந்தார்கள். ஆனால் மொழி இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. 2016ல் மூன்றாம் பதிப்பு வந்தபோது பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டார்கள். இரண்டாம் பதிப்பில் எழுதியவர்கள் ஆயிரக்கணக்கான வரிகளைத் திருத்த வேண்டியதாயிற்று. புது வீட்டுக்குக் குடிபோன ஆறாவது மாதம் வீட்டுக்காரர் வந்து, கதவை எல்லாம் எதிர்ப்பக்கச் சுவருக்கு மாற்றப்போகிறேன் என்றால் எப்படி இருக்கும்?

அந்தச் சமயம் பார்த்து உபர் தன் ஐபோன் ஆப்பை மொத்தமாக ஸ்விஃப்டில் எழுதிக்கொண்டிருந்தது. அந்த அணியில் இருந்த ஒரு பொறியாளர் 2020 டிசம்பரில் ட்விட்டரில் விலாவாரியாக இதைச் சொன்னார். நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து எழுத எழுத, ஆப்பின் எடை ஏறிக்கொண்டே போனது. ஆப்பிளிடம் அப்போது ஒரு விதி: 100 எம்பிக்கு மேல் போனால் வைஃபை இல்லாமல் டவுன்லோடு செய்ய முடியாது. மற்ற ஆப்புக்குப் பரவாயில்லை. உபர் எப்போது தேவைப்படும்? தெரியாத ஊரில், ஏர்போர்ட் வாசலில், மழையில் நிற்கும்போது. அங்கே வைஃபைக்கு எங்கே போவது? ஸ்விஃப்டில் எழுதினால், அந்த மொழி ஓடுவதற்கான சாமான்களையும் ஒவ்வொரு ஆப்பும் தன் மூட்டையிலேயே கட்டிக்கொண்டு போக வேண்டிய காலம் அது. 2019ல் ஐந்தாம் பதிப்பு வந்த பிறகுதான் அந்தச் சாமான்கள் போனிலேயே இருக்கும் என்று ஆனது. பாதி ஆற்றில் நின்றார்கள். திரும்பவும் முடியாது, பழைய ஆப்பை ஏற்கெனவே கைவிட்டாகிவிட்டது. உட்கார்ந்து எம்பி எம்பியாகச் சுரண்டினார்கள். எப்படியோ 2016 நவம்பரில் வெளியிட்டார்கள். 2017ல் ஆப்பிளே வரம்பை 150 எம்பி ஆக்கியது.

உபரிடம் பணம் இருந்தது, ஆள் இருந்தது, கரையேறினார்கள். பதினோரு பேர் கம்பெனி அந்த ஆற்றில் இறங்கினால்?

மைக்ரோசாஃப்ட்டின் ஸமாரின் இன்னொன்று. செல்போன் ஆப் எழுத அருமையான வழி என்று எத்தனையோ பேர் அதற்குப் போனார்கள். 2024 மே 1ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. மறுபடி மூட்டை கட்டு.

"அப்ப புதுசா எதுவுமே வரக்கூடாதா மாமா? எல்லாரும் அண்ணாச்சி கடை மாதிரியே இருக்கணுமா?" என்று ராத்திரி சாப்பாட்டில் கோபமாகக் கேட்டான். நியாயமான கேள்வி. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ரொம்ப நேரம் பேசினோம்.

ஆண்ட்ராய்டையே எடுத்துக்கொள்வோம். அதன் அடித்தளத்தில் சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளில் கோடிக்கணக்கான வரிகள். நினைவகத்தைக் கையாள்வதில் வருகிற ஓட்டைகள்தான் பெரிய தலைவலி. 2019ல் கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளில் 76 சதவீதம் இந்த ரகம். கூகுள் ரஸ்ட் என்கிற மொழிக்குப் போனது. 2024ல் இந்தப் பங்கு 24 சதவீதமாகக் குறைந்தது. மாப்பிள்ளை துள்ளினான், "பாத்தீங்களா!" என்று. நான் அவனை உட்காரச் சொன்னேன். அவர்கள் பழைய வரிகளை ரஸ்டில் திரும்ப எழுதிக்கொண்டு உட்காரவில்லை. பழையதை அப்படியே விட்டார்கள். புதிதாக எழுதுவதைப் புதிய மொழியில் எழுதினார்கள். ஓட்டைகள் பெரும்பாலும் புதுக் கோடில்தான் இருக்கும், பழைய கோடு அடிபட்டு அடிபட்டு தானே கெட்டிப்படும் என்பது அவர்கள் கண்டுகொண்ட விஷயம். காட்லினிலும் இது முடியும். ஒரே ஆப்புக்குள் ஜாவாவும் காட்லினும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடலாம், அதற்காகவே செய்யப்பட்ட மொழி அது. எடை போடுகிற பகுதியைத் தொடாமல் விட்டுவிட்டு, புதிதாகச் சேர்க்கும் படங்களையும் பட்டன்களையும் காட்லினில் எழுதியிருக்கலாம். இவர்களுக்கு முழுசாக வேண்டியிருந்தது.

அவனை ஜன்னல் பக்கம் கூப்பிட்டேன். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் விரலை நீட்டினேன். இந்த மலைக்குக் கீழே பைக்காரா மின் நிலையம் இருக்கிறது. சென்னை ராஜதானியில் சர் சி.பி. ராமசாமி ஐயர் முனைந்து நின்று கொண்டுவந்த திட்டம். 1932ல் ஓட ஆரம்பித்தது. தண்ணீர் சுமார் 3,000 அடி கீழே விழுகிறது. அதே பைக்காரா தண்ணீரை வைத்து இன்னும் அதிக மின்சாரம் எடுக்கலாம் என்று புதுத் திட்டம் போட்டார்கள். பூமிக்கு அடியில் நிலையம், 150 மெகாவாட், 2005ல் ஓட ஆரம்பித்தது. அதைக் கட்டி முடிக்கிறவரை பழையதை இடித்துவிட்டா உட்கார்ந்திருந்தார்கள்? புதியது ஓட ஆரம்பித்த பிறகும் இடிக்கவில்லை. மின்வாரியத்தின் பட்டியலில் பழைய பைக்காராவும் 59.2 மெகாவாட் என்று நிற்கிறது.

"இப்பல்லாம் ஏஐயே பழைய கோடைப் புதுசா மாத்திக் கொடுத்துடும் மாமா" என்றான், கடைசி அஸ்திரமாக.

கொடுக்கும். நன்றாகவே கொடுக்கும். ஒரு வருட வேலையை ஒரு வாரத்தில் முடிக்கலாம். அரைக் கிலோவை மேலே ஏற்ற வேண்டும் என்று சோலூர் கொட்டகையில் இருக்கும் வழக்கம் அதற்கு எப்படித் தெரியும்? கோடில் 'ரவுண்ட்' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. ஏன் என்று எழுதியிருக்கவில்லை. தெரிந்தவர் போய்விட்டார்.

இதைச் சொல்லும்போது எனக்கே குரல் கம்மியது, ஏனென்றால் நான் ஒன்றும் புதுமையின் எதிரி அல்ல. இந்தக் கட்டுரையை நான் யூனிகோடில்தான் அடிக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியிலும் அதற்குப் பிறகும் தமிழுக்கு எத்தனை எழுத்துரு முறைகள்! 1999ல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி டாம், டாப் என்று இரண்டு தரங்கள். டிஸ்கி தனி. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு சொந்த எழுத்துரு. 2010ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. வேண்டிய மாற்றம், அது இல்லாவிட்டால் இன்றைக்குப் போனில் தமிழே இல்லை. ஆனால் நான் பத்திரிகைக்கு வந்த முதல் ஐந்து வருடங்களில் எழுதியதில் பாதி ஒரு பழைய சிடியில் கிடக்கிறது. திறந்தால் புள்ளியும் கோடுமாக, பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கிறது. எந்த எழுத்துருவில் அடித்தேன் என்று எனக்கே மறந்துபோனது. மாற்றிக்கொடுக்கும் மென்பொருள்கள் உண்டு. அதற்கு முதலில் எதிலிருந்து என்று சொல்ல வேண்டுமே? என் அப்பா இறந்தபோது அவரைப் பற்றி எழுதிய பக்கமும் அதில்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை மாப்பிள்ளை விடியும் முன்னே எழுந்து விளிம்புக்குப் போயிருந்தான். அங்கே இரண்டு கோடு சிக்னல் வருமாம். ஒரு வரியை மாற்றினான், ஒரே ஒரு வரி. அனுப்பிவிட்டு, போன வாரம் முழுக்கப் போட்ட சீட்டுகளைத் திரும்பக் கணக்கிட்டால் எத்தனை கிலோ பாக்கி என்று பார்த்தான். அதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு மணி நேரம் யோசித்தான். பிறகு வேலையை விட்டுப் போன அந்தப் பெரியவருக்கு போன் செய்தான். என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெகுநேரம் "சரிங்ணா, சரிங்ணா" என்று மட்டும் கேட்டது.

கிளம்பும் வழியில் கொட்டகையில் வண்டியை நிறுத்தினோம். அந்த அம்மாவிடம், சரி செய்துவிட்டோம், பாக்கியும் கணக்கில் ஏறிவிடும் என்று சொன்னான். அவர் தலையாட்டினார். அன்றைய மூட்டை தராசில் தொங்கியது. சீட்டு வந்தது. வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்பது பக்க நோட்டை எடுத்துத் தராசைப் பார்த்து எழுத ஆரம்பித்தார்.